பயறு வாங்க வராத வருஷம்

சின்னக்கருப்பன் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் இருக்கிறது, உட்கார நாற்காலிதான் இல்லை. துறை அறையில் நிரந்தர ஆசிரியர்களின் நாற்காலிகள் போக, ஜன்னலோரம் கிடக்கிற பெஞ்சில்தான் இவருடைய பையும் சாப்பாட்டு டப்பாவும் இவரும். அதிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அதற்குச் சின்னக்கருப்பன் சார் பெஞ்சு என்றே பேர் விழுந்துவிட்டது. ஐரனி, அதாவது முரண்நகை, என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு உதாரணம் தேட வேண்டாம், இந்தப் பெஞ்சே போதும் என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டார். சிரிக்கிற தெம்பெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன மனுஷன்.

ஊர் விளாத்திகுளம் போகிற வழியில். விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். மழை பெய்தால் அந்தக் கரிசல் மண் செருப்போடு காலையும் பிடித்துக்கொள்ளும். வெயில் அடித்தால் பாதம் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நடுத்தரமாக ஒரு நிலை அதற்குத் தெரியாது. அப்பா அதில் மிளகாயும் கம்பும் போட்டே ஓய்ந்துபோய்க் கண்ணை மூடினார். அதற்குள் மூத்தவரான இவரைப் படிக்க வைத்தாயிற்று. இளையவன் திருப்பதிக்குப் படிப்பு ஏறவில்லை. மீசை முளைக்குமுன்னே நாசிக்கில் ஒரு மிக்சர் கடைக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே சரக்கு மாஸ்டர் ஆகி, கல்யாணப் பேச்சை எடுத்தால் வேறு பேச்சு பேசி, ஒண்டிக்கட்டையாகவே இருந்துவிட்டான்.

மாசத்துக்கு ஒரு தடவை அவன் போன் வரும். அண்ணன்தான் போனை அம்மா சுடலையம்மாள் காதில் வைப்பார். "நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா? சரி, வச்சிருதேன்." அவ்வளவுதான் அவன் பேச்சு. அந்தப் பக்கம் வைத்த பிறகும் சுடலையம்மாள் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டாள். "வச்சிருதேன்னு சொல்லத்தான் கூப்பிடுதான் போல" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள்.

போன தை மாசம் சுடலையம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கொஞ்ச மாசத்துக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் அம்மா காதுக்குப் போகக் கூடாது, இருதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அம்மாவை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து மூச்சு விடுவதற்குள் நாசிக்கிலிருந்து போன். சரக்கு வாங்க மார்க்கெட்டுக்குப் போன திருப்பதி மேல் லாரி ஏறிவிட்டது.

என்ன செய்வார் மனுஷன்? உடலை ஊருக்குக் கொண்டுவந்தால் அடுத்த பாடை அம்மாவுக்குக் கட்ட வேண்டும். திருநெல்வேலியில் பேப்பர் திருத்த வேண்டும், முடித்துவிட்டு நீ பிழைத்து வர நேர்ந்துகொண்ட மொட்டையைத் திருச்செந்தூரில் போட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். தம்பிக்குத் தானே கொள்ளி வைத்து, அங்கேயே ஆற்றில் கரைத்து, மழித்த தலையோடு வந்து வாசலில் நின்றார். மனைவி மாரிசெல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். சுடலையம்மாள் மகன் தலையை ஒரு தரம் பார்த்தாள். "முருகன் நல்லா வச்சிருக்கட்டும்" என்றாள்.

அதற்குமுன்பே மாரிசெல்வி வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தாள். ஊரும் ஒத்துக்கொண்டது. துட்டி கேட்க, ஆறுதல் சொல்ல ஒருவரும் வரவில்லை. ஒருத்தி புருஷனிடம் சண்டை போட்டால் பம்பு செட்டு வரைக்கும் கேட்கிற ஊர் அது. அந்த ஊர் ஒரு சாவை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டது என்றால், சுடலையம்மாள் மேல் அவர்களுக்கு இருந்த பிரியத்தை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சரி, செத்தவன் பேச மாட்டானே, மாசம் பிறந்தால் போன் வர வேண்டுமே. ஒரு நாள் சாயங்காலம் கல்லூரி விட்டு வந்த சின்னக்கருப்பன், "திருப்பதி பேசுனாம்மா. அவன் போன் உடைஞ்சுபோச்சாம். முதலாளி போன்ல பகல்லதான் பேச முடியுதாம், காலேஜ் நேரத்துல கூப்பிட்டான்" என்று ஆரம்பித்து வைத்தார்.

"என்ன சொன்னான்?" என்றாள் அம்மா.

அங்கேதான் வினை பிடித்தது. நல்லா இருக்கானாம் என்று நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. புதுசாக ஒரு பால் பலகாரம் போடப் பழகியிருக்கானாம் என்றார். மறுநாளும் போன் வந்தது. அதற்கு மறுநாளும். கடைவாய்ப் பல் வலி, பிடுங்கச் சொல்லுகிறார்களாம். தனியாகக் கடை பிடிக்க இடம் பார்க்கிறானாம். கடம்பூர்க்காரர் ஒருத்தர் அங்கே குடும்பத்தோடு இருக்கிறாராம், அவருடைய தங்கைக்கு இவனைக் கேட்கிறாராம், ஆவணியில் ஊருக்கு வந்து பேசுவானாம். சொல்லச் சொல்லப் போதவில்லை. விலக்கிலிருந்து வீடு வருகிற வழியெல்லாம் அன்றைய பேச்சை மனதுக்குள் கட்டிக்கொண்டே வருவார். நேற்று எந்தப் பக்கத்துப் பல் என்று சொன்னோம் என்று நினைவு வராமல் நடு ரோட்டில் நின்றுவிடுவார்.

"எதுக்கு இவ்வளவு நீட்டுதீங்க?" என்று மாரிசெல்வி கேட்டாள். "பொண்ணு வரைக்கும் கொண்டுபோயிட்டீங்க. நாளைக்கு அத்தை போட்டோவைக் கொண்டான்னு கேட்டா என்ன செய்வீங்க?"

"தெரியலட்டி" என்றார். நிஜமாகவே தெரியவில்லை. அலுத்துப்போய்த் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். தம்பிக்காக ஒரு சொட்டு அழக்கூட அவருக்கு நேரமில்லை. அழுதால் கண் சிவக்கும், சிவந்தால் அம்மா கேட்பாள்.

ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. என்கிட்ட அவனைப் பேசச் சொல்லு என்று அம்மா ஒரு நாளும் அடம் பிடிக்கவில்லை. நம் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் பாடத்திட்டத்தில் ஐரனி வந்து நின்றது. வருஷா வருஷம் மாசியில் வருவதுதான். பிள்ளைகள் கைடு பார்த்து மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். இருந்தாலும் அவருக்கு நடத்தாமல் விட மனசு வராது. அவர் கொஞ்சமாவது ஆசைப்பட்டு நடத்துகிற பாடம் அது ஒன்றுதான்.

"பழைய நாவல்காரங்க ஒருத்தரைத் திட்டணும்னா திட்ட மாட்டாங்க" என்றார். "இந்த அம்மா ஊருக்கே உபகாரின்னு புகழ்ந்துக்கிட்டே போவாங்க. அந்த அம்மா என்னென்ன செஞ்சான்னு மட்டும் ஒண்ணு விடாம சொல்லுவாங்க. நாலு பக்கம் தாண்டுறதுக்குள்ள அவ யாருன்னு நமக்கு விளங்கிரும். எழுதுனவன் கையில அழுக்கே ஒட்டாது."

"சார், மிளகா வத்தலைக் காயப்போட்ட அன்னைக்கு மழை பேஞ்சா ஐரனியா?" என்று பாண்டிச்செல்வி கேட்டாள். மூன்றாம் வருஷத்துப் பிள்ளை, அவளுடைய வீட்டிலும் வத்தல் களத்தில் கிடக்கிறது.

"அது வெறும் தலையெழுத்து. மழை வேணும்னு ஊரைக் கூட்டிப் பொங்கல் வச்சான் பாரு, அவன் வத்தல் மட்டும் நனைஞ்சா அது ஐரனி."

வகுப்பு கொஞ்சம் சிரித்தது. அவர் சாக்பீஸை எடுத்து மேடை மாதிரி ஒரு கட்டம் போட்டார்.

"இப்ப நாடகம். மேடையில ராஜா. தூணுக்குப் பின்னால ஒருத்தன் கத்தியோட நிக்கான். கீழ இருக்கிற நமக்குத் தெரியும், மேல நிக்கிற ராஜாவுக்குத் தெரியாது. ராஜா சேவகனைக் கூப்பிட்டு, நாளைக்குக் குதிரையைத் தயார் பண்ணி வைன்னு சொல்லுதாரு. சாதாரணப் பேச்சு. ஆனா அந்த நாளைக்குங்கிற சொல்லு நம்ம வயித்தைப் பிசையுது. எழுதுனவன் நம்மளை அழுன்னு சொல்லல. ரகசியத்தை நம்ம கையில குடுத்துட்டு, ராஜாவைச் சும்மா பேச விட்டுட்டான். அவ்வளவுதான் அவன் செஞ்சது."

சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கே வீட்டு ஞாபகம் வந்தது. முந்தின நாள் அம்மா, "ஆவணியில வந்தாம்னா அவனுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பு வைக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

பாண்டிச்செல்வி விடவில்லை. "சார், ராஜாவுக்கும் அவன் நிக்கிறது தெரியும், தெரியாத மாதிரி பேசுதாருன்னா?"

"அப்ப ஐரனி செத்துரும். நாடகம் முடிஞ்சிட்டுதுன்னு எந்திரிச்சு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிப் போர்டை அழித்தார்.

பங்குனி பிறந்தது. ஊரில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டினார்கள். அவர்கள் ஊரில் பொங்கல் என்றால் முளைப்பாரிதான் பெரிசு. தங்கமாரி என்கிற பெண்பிள்ளை நார்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பயறு வாங்குவாள். வாங்கிய பயறையெல்லாம் ஒன்றாகக் கலந்து, சட்டிகளில் எருவும் மண்ணும் போட்டு விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பார்கள். பயிர் செழித்து வந்தால் அந்த வருஷம் ஊரும் செழிக்கும். கருகினால் எந்த வீட்டில் என்ன குற்றம் என்று ஊரே உட்கார்ந்து பேசும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பயறு வாங்க மாட்டார்கள். அது சட்டம்.

சனிக்கிழமை காலை சின்னக்கருப்பன் எழுந்து வந்தபோது சுடலையம்மாள் சுளகில் பாசிப்பயறைப் புடைத்து, கல் பொறுக்கி, வாசற்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கமாரியின் குரல் மேலத்தெருவில் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டில் கேட்டது. பிறகு எதிர் வீட்டில் கேட்டது. அப்புறம் கீழத்தெருவில் கேட்டது. இவர்கள் வாசலில் மட்டும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் சின்னக்கருப்பனுக்கு உறைத்தது. இதை எப்படி மறந்தோம்? மொட்டைக்குக் காரணம் கண்டுபிடித்தோம், போனுக்குக் காரணம் கண்டுபிடித்தோம், இந்தப் பாழாய்ப்போன பயறை மறந்துவிட்டோமே.

சட்டையை மாட்டிக்கொண்டு தங்கமாரி வீட்டுக்கு ஓடினார். அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கமாரி, அம்மா பயறோட வாசல்ல உக்காந்திருக்கா. ஒரு எட்டு வந்து வாங்கிட்டுப் போயிரு தாயி."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, நீங்க படிச்சவிய. சித்தி முன்னால நான் வாயைத் திறந்திருப்பேனா? ஒவ்வொரு நாளும் அவிய திருப்பதிக்குப் பல்லு வலிக்குதாம்னு சொல்லுதப்ப, நான் கல்லு மாதிரி நின்னு, கிராம்பு வைக்கச் சொல்லுங்க சித்தின்னுட்டு வாரேன். வீட்டுக்கு வந்து அழுதுருக்கேன். அது மனுசங்ககிட்ட சொல்லுத பொய். அம்மன்கிட்ட எப்படிச் சொல்ல?"

"சட்டியில போட வேண்டாம். வாங்கிட்டுப் போய் வேற எங்கயாவது கொட்டிரு."

"அம்மன் பேரைச் சொல்லி வாங்குனதை எங்கன கொட்ட? பயிரு கருகிட்டா இந்த ஊருக்கு யாரு பதில் சொல்லுவா? என்னைக் கேக்காதிய அண்ணாச்சி. உங்க கால்ல வேணா விழுதேன்."

"அம்மா உசுரு தங்கமாரி."

"எனக்கும் அவிய அம்மா மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் என்ன பேச? ஊர் முழுக்கச் சேர்ந்து கட்டிய பொய், ஒரு பிடி பயறில் வந்து தட்டி நின்றது. இந்த ஊர்க்காரர்கள் நாக்கைக் கட்டுவார்கள், சாமிச் சட்டத்தை மீற மாட்டார்கள். அவர் திரும்பி நடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த உடம்பு என்பதால் வாங்கவில்லையாம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு வாக்கியத்தைத் தெரு முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் சுளகு காலியாகச் சுவரில் சாத்தியிருந்தது. அடுப்பில் பயறு வெந்துகொண்டிருந்தது. மாரிசெல்வி அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முளைப்பாரிக்குன்னு வச்ச பயறாச்சேம்மா" என்றார்.

"வீணா எதுக்குக் கிடக்கணும்? தேங்காய் போட்டு அவிச்சிருக்கேன். உனக்குப் பிடிக்கும்லா."

"அது என்னன்னா, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த உடம்புன்னு தங்கமாரி..."

"நீ தங்கமாரிகிட்ட போனியாக்கும். அவளை ஏம்ல சங்கடப்படுத்துத? துட்டி வீட்டுப் பயறை அவ எப்படி வாங்குவா?"

சின்னக்கருப்பன் கை தானாக அலமாரியில் மாத்திரை டப்பாவைத் தேடியது.

"மாத்திரையெல்லாம் போட்டாச்சு. உக்காரு" என்றாள் சுடலையம்மாள். தட்டில் பயறை அள்ளி வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"யாரும்மா சொன்னா உன்கிட்ட?"

"யாரும் சொல்லல. ஊரு நல்ல ஊரு. நீ மொட்டையோட வந்து நின்னல்லா, திருச்செந்தூர் மொட்டை. தலையில ஒரு சொட்டுச் சந்தனம் இல்ல. நான் பிழைச்சு வந்து உக்காந்திருக்கேன், என்னைப் பாத்து உன் மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்ல. அப்பவே எனக்குப் பாதி உசுரு போச்சு. இருக்காது, இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பொறவு நீ போன் வந்துச்சுன்னு ஆரம்பிச்ச. தினமும் போனு. ஏலே, என் பிள்ளை உசுரோட இருக்கையில தினமும் பேசுனானா? எனக்குப் பல்லு வலிக்குதும்மான்னு ஒரு நாள் சொல்லியிருப்பானா? இதை எந்தத் தாய் நம்புவா? இருந்தும் ஒரு நப்பாசையில பயறோட உக்காந்தேன், தங்கமாரி வாசல் ஏறாமப் போனதும் அதுவும் போச்சு."

இத்தனை வருஷம் இலக்கியம் நடத்தியவருக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. தான் கீழே உட்கார்ந்து பார்க்கிறோம், அம்மா மேடையில் ஒன்றும் தெரியாமல் நிற்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். மேடையில் நின்றது அவர்தான். தினமும் வேர்த்து விறுவிறுத்து வசனம் பேசியதும் அவர்தான். பார்த்துக்கொண்டு இருந்தவள் அவள். கருவாட்டுக் குழம்பு வைக்கணும் என்று அவள் சொன்னதெல்லாம் அவருக்கு அடியெடுத்துக் கொடுத்தது.

"தெரிஞ்சுக்கிட்டு ஏம்மா தினமும் என்ன சொன்னான், என்ன சொன்னான்னு கேட்ட?"

சுடலையம்மாள் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினாள். பிறகு, "கேக்க நல்லா இருந்துச்சு" என்றாள். "அவன் என்கிட்ட பேசாத பேச்சையெல்லாம் நீ கொண்டுவந்து குடுத்த. கடை வச்சான், பொண்ணு பாத்தான். தெரியும்னு சொன்னா நீ நிறுத்திருவ. நிறுத்திட்டா அவன் செத்துப்போவான்."

அப்போதுதான் சின்னக்கருப்பன் அழுதார். ரயிலில் அழாததும், ஆற்றங்கரையில் அழாததும் எல்லாம் சேர்ந்து வந்தது. அம்மா அவர் வாயைக் கையால் பொத்தினாள். அரை இஞ்சு வளர்ந்திருந்த முடியில் இன்னொரு கையை வைத்துக்கொண்டாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

"மெதுவா. ஊருல காப்புக் கட்டப் போறாவ. இப்ப இந்த வீட்டுல இருந்து துட்டிச் சத்தம் போகப்படாது. எனக்காவ அவிய இத்தனை நாளு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தாவ. அவியளுக்காவ நான் இருக்க மாட்டேனா? முளைப்பாரி கரையட்டும். அது வரைக்கும் நீ சொல்லிக்கிட்டு இரு."

பாண்டிச்செல்விக்குத் தப்பாகப் பதில் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. நாடகம் முடியவில்லை. பொங்கல் முடிகிற வரைக்கும் தினமும் சாயங்காலம் போன் வந்தது. அவர் சொன்னார், அவள் கேட்டாள், கடைக்கு என்ன பேர் வைக்கப்போகிறானாம் என்று விசாரித்தாள். உன் பேரைத்தான் வைக்கிறானாம் என்றார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு சொல்வது லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் கல் மாதிரி கனத்தது.

அந்த வருஷம் முளைப்பாரி நன்றாகவே வளர்ந்திருந்தது. ஒரு வாரம் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை பெண்கள் குலவை போட்டுக்கொண்டு தலையில் தூக்கிக்கொண்டு போனார்கள். சுடலையம்மாள் வாசலுக்கு வரவில்லை, உள்ளே இருந்தபடியே கும்பிட்டுக்கொண்டாள். கண்மாயில் கரைத்து, காப்பையும் அவிழ்த்துவிட்டுக் கூட்டம் பேசிக்கொண்டே திரும்பி வருகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது.

"கரைச்சாச்சு போல" என்றாள்.

"ஆமாம்மா."

"இன்னைக்கு என்ன சொன்னான்?"

சின்னக்கருப்பனிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

"நல்லா இருக்கியாம்மான்னு கேட்டான். சாப்பிட்டியான்னு கேட்டான்."

"பொறவு?"

"சரி, வச்சிருதேன்னான்."

சுடலையம்மாள் தலையை ஆட்டினாள். "அதாம்ல என் பிள்ளை பேச்சு" என்றாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, கையை மார்பில் வைத்து, தெருவே கேட்கிற மாதிரி மகன் பேரைச் சொல்லிக் குரலெடுத்தாள். அந்தச் சத்தத்துக்காகவே இத்தனை நாள் காத்திருந்தது போல, கண்மாய்த் தண்ணீரில் நனைந்த சேலையோடு தங்கமாரி முதல் ஆளாக ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.